பனிவெளியில் விமானமும் மசகெண்ணெயும்

விமானப் போக்குவரத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் விமானிகளின் துணிவையும் இயந்திரங்களின் வலுவையுமே விதந்துரைப்பர். ஆயின், வட அமெரிக்காவின் பனிப்பிரதேசங்களில் சிறுவிமானம் நிலைபெற்ற வரலாறு, மசகெண்ணெயின் வெப்பநிலையைப் பேணுவதற்கு மனிதர் நடத்திய போராட்டத்தின் வரலாறுமாகும்.

1924ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆம் திகதி, கார்ல் பென் ஐல்சன் என்னும் விமானி அலஸ்காவின் பெயர்பாங்ஸ் நகரிலிருந்து மக்கிராத்துக்குத் தபால் கொண்டு சென்றார். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிக்கு வாரக்கணக்கில் எடுத்த பாதை சில மணித்தியாலங்களாகச் சுருங்கிற்று. எனினும், குளிர்காலப் பறப்பு நாள்தோறும் நிகழும் தொழிலாவதற்கு விரைவு மட்டும் போதுமானதாக இருக்கவில்லை.

மசகெண்ணெய் உராய்வைக் குறைப்பதோடு இயந்திரத்தின் வெப்பத்தையும் அகற்றுகின்றது. குளிர் மிகுந்தால் அது கூழாகத் தடித்துவிடும். அந்நிலையிற் சுழல்தண்டைத் திருப்புதல் அரிது. வலிந்து இயக்கினும், எண்ணெய் தாங்கிகளைச் சென்றடையுமுன் அவை தேய்ந்து பழுதுறும்.

ஆகவே, வடபுல விமானிகளும் அவர்தம் இயந்திர வல்லுநரும் ஒரு நியமத்தைக் கைக்கொண்டனர். மாலையில் விமானம் தரித்தவுடன், எண்ணெய் சூடாறுமுன் அதனைத் தகரக் கலத்தில் வடித்தெடுத்தனர். காலையில் அதனை அடுப்பிலேற்றிச் சூடாக்கினர். அதேவேளை இயந்திரத்தைக் கித்தான் கூடாரத்தால் மூடி, அதன்கீழ்த் தீக்கலம் வைத்து வெப்பமூட்டினர். கித்தானோ சிந்திய எண்ணெயோ தீப்பற்றினால் விமானமே சாம்பலாகும். எனவே ஒருவர் அருகிலிருந்து காவல் காத்தல் வேண்டும். சூடேறிய எண்ணெயை வார்த்ததும் காலந்தாழ்த்தாது இயக்கினர்.

இவ்வுழைப்பின் பெறுமதியை 1929ஆம் ஆண்டு ஜனவரி நிகழ்ச்சி உணர்த்தும். கனடாவின் போட் வேர்மிலியன் பகுதியில் தொண்டைக்கரப்பான் நோய் தோன்றியபோது, வொப் மே, விக் ஹோனர் ஆகிய இருவர் 2ஆம் திகதி எட்மன்ரனிலிருந்து நச்செதிர்மருந்துடன் புறப்பட்டனர். அவர்தம் அவ்ரோ ஏவியன் விமானத்தின் இருக்கைகள் திறந்தவை. வழியில் ஓரிரவு தரித்து, மறுநாள் மருந்தைச் சேர்ப்பித்தனர். அத்தகைய பயணத்தில், இரவுத் தரிப்பின் பின்னர் இயந்திரம் இயங்க மறுத்தால், காத்திருப்பது விமானி மட்டுமன்று, நோயாளியுமே.

வானிலும் இடர் தீர்ந்தபாடில்லை. குளிர்விப்பானில் எண்ணெய் உறைந்து வழியடைத்தால், சூடான எண்ணெய் அதனூடு செல்லவியலாது. கடுங்குளிரிலேயே இயந்திரம் மிகைவெப்பமுறும். இதனைத் தவிர்க்கக் குளிர்விப்பானின் முகப்பிற் பகுதியை மறைத்தனர். சுவாசக் குழாயின் வாயில் நீராவி உறைந்தாலோ, உள்ளமுக்கம் பெருகி எண்ணெய் வெளியே பீறிடும்.

1930களின் பிற்பகுதியிலும் இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும், இயந்திரத்தை நிறுத்துமுன் எண்ணெயிற் பெற்றோலைக் கலந்து இளக்கும் முறை பரவிற்று. மறுநாள் இயந்திரம் சூடேறியதும் பெற்றோல் ஆவியாகிப் பிரிந்துவிடும். பின்னாளில் மின்வெப்பமூட்டிகளும், குளிரிலும் எளிதில் ஓடும் பல்தர எண்ணெய்களும் வந்தன. ஆயினும், பறக்குமுன் இயந்திரத்தைச் சூடாக்கும் நியமம் இன்றும் நிலவுகின்றது.

புதிய பொறியொன்று புதிய நிலத்தில் வேரூன்றுவது அதன் ஆற்றலால் மட்டுமன்று. அந்நிலத்தின் இயல்பறிந்து அதனை நாள்தோறும் பேணுவோரின் பொறுமையாலுமாகும். விமானியின் பெயரைப் பதிந்த வரலாறு, விடியுமுன் தீக்கலத்தருகே காவலிருந்தோரையும் நினைவிற் கொள்ளுதல் தகும்.