எல்லைப்புறம் ஈன்ற உலகக் குடிமகன்

ஊரை விட்டுப் பெயராமலே ராஜ்யம் மாறியவர்கள் நம் நாட்டில் உண்டு. பழைய சித்தூர் ஜில்லாவின் கிழக்குக் கோடியில் வாழ்ந்த தமிழரும் தெலுங்கரும் அத்தகையோர். தொழிலின் பொருட்டு நாகபுரியிலும் தில்லியிலும் ஜாம்ஷெட்பூரிலும் குடியேறிய தமிழ் நேயர்கள் இவர்களுடைய வரலாற்றைக் கேட்பது தகும். பிற மொழியாளரிடையே எவ்வாறு வாழ்வது என்னும் கேள்வியை நீங்கள் ரயிலேறிச் சென்று சந்தித்தீர்கள். இவர்களுக்கோ அது வீட்டு வாசலிலேயே எழுந்தது.

பிச்சாட்டூரை எடுத்துக்கொள்வோம். ஆரணியாற்றின் குறுக்கே அணை கட்டப்பட்ட ஊர் அது. 2022 முதல் ஆந்திரத்தின் திருப்பதி ஜில்லாவைச் சேர்ந்தது. ஆறு அங்கிருந்து சுருட்டப்பள்ளியைத் தொட்டு, ஊத்துக்கோட்டை வழியாகத் தமிழகத்துள் புகுந்து, பழவேற்காட்டின் அருகே கடலை அடைகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அணை நிரம்பி மதகு திறக்கப்படுமாயின், எச்சரிக்கை செல்ல வேண்டியது திருவள்ளூர் ஜில்லாக் கிராமங்களுக்கு. நீரை அளப்பவர் ஒரு ராஜ்யத்தார். வெள்ளத்தை எதிர்நோக்குபவர் மற்றொரு ராஜ்யத்தார். இவ்விருவரும் பேசிக்கொள்ளாதிருத்தல் இயலுமா?

பிச்சாட்டூரை அடுத்த நாகலாபுரத்தில் வேதநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாதேவியின் பெயரால் அவ்வூரை விளங்கச் செய்தார் என்பர். அப்பேரரசர் தெலுங்கில் இயற்றிய காவியம் ஆமுக்தமால்யதா. அதன் தலைவி யார் தெரியுமோ? நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளே! தமிழ்ச் செல்வியைத் தெலுங்குக் காவியத்தில் அமர்த்த அரசருக்குச் சிறிதும் தயக்கம் இருக்கவில்லை.

எல்லைத் தகராறு பிற்காலத்தது. 1911ல் வட ஆர்க்காடு, கடப்பை ஜில்லாக்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் ஜில்லா அமைந்தது. 1953 அக்டோபர் 1ல் ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது ஜில்லா முழுவதும் அதனுடன் சென்றது. ம. பொ. சிவஞானம் தலைமையில் வட எல்லைக் கிளர்ச்சி மூண்டது. பின்னர் படாஸ்கர் என்பார் மத்தியஸ்தம் செய்ய, 1960 ஏப்ரல் 1ல் திருத்தணி சென்னை ராஜ்யத்தை அடைந்தது. ஈடாகச் செங்கற்பட்டு ஜில்லாவின் சத்தியவேடுப் பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. பிச்சாட்டூர் ஆந்திரப் பக்கத்தில் நின்றது. கச்சேரியிலும் பள்ளியிலும் தம் மொழி வழங்க வேண்டும் என்று மக்கள் விழைந்தது நியாயமே. அதனைக் குறுகிய மனம் என்று இகழ்வோருடன் நாம் உடன்படோம். ஆயினும் எந்தக் கோட்டை எங்கே வரைந்தாலும், இரு பக்கத்திலும் சிலர் சிறுபான்மையாக எஞ்சுவதைத் தவிர்க்க முடிவதில்லை.

இந்தத் திருத்தணியில்தான், அது வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த 1888ல், செப்டம்பர் 5 அன்று, தெலுங்கு பேசும் எளிய குடும்பமொன்றில் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தோன்றினார். திருப்பதியில் ஜெர்மானிய லூத்தரன் மிஷன் பள்ளியிலும், பின்னர் வேலூரிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். தத்துவ சாஸ்திரத்தை அவர் எடுத்த காரணம் வியப்புக்குரியது: அப்பாடத்தில் தேறிய உறவினர் ஒருவர் தம் புத்தகங்களைக் கொடுத்துதவினார், புதியவை வாங்க வசதியில்லை.

தற்செயலாய் வந்த பாடம் வாழ்வின் நோக்கமாக மாறியது எவ்வாறு? வேதாந்தத்தில் ஒழுக்க நெறிக்கு இடமில்லை என்று மிஷன் ஆசிரியர்கள் கூறக் கேட்டு இளைஞர் புண்பட்டார். சினந்து கல்லூரியை விட்டு ஓடவில்லை. ஆசிரியர் கூற்றைத் தாமும் நம்பிவிடவும் இல்லை. மூல நூல்களைக் கற்று, வேதாந்தத்தின் ஒழுக்க நெறியைப் பற்றியே எம். ஏ. பட்டத்துக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். அது 1908ல் அச்சேறியது. அவருடைய ஆசிரியரான ஹாக் என்னும் பாதிரியார் அதனைப் பாராட்டினார். கீழ்நாட்டுச் சிந்தனையை மேல்நாட்டார் அறியும் மொழியில் எடுத்துரைக்கும் பணி அன்று தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. அத்வைதத்துக்கே அவர் பெரிதும் முதன்மை தந்தார் என்று குறை கூறுவார் உண்டு. அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை.

மைசூரிலும் கல்கத்தாவிலும் கற்பித்தார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தையும் காசிப் பல்கலைக்கழகத்தையும் துணைவேந்தராக நடத்தினார். 1936 முதல் 1952 வரை ஆக்ஸ்போர்டில் கீழ்நாட்டுச் சமயங்களுக்கும் ஒழுக்கவியலுக்கும் உரிய ஸ்பால்டிங் பேராசிரியராக விளங்கினார். சர்வதேச சங்கத்தின் அறிவுத்துறைக் கூட்டுறவுக் குழுவிலும், பின்னர் யுனெஸ்கோவிலும் பணிபுரிந்தார். 1949ல் இந்தியத் தூதராக மாஸ்கோ சென்றார். தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அவருடன் எங்கும் சென்றன. உலகக் குடிமகன் ஆவதற்கு ஊர் அடையாளத்தைக் கழற்றி வைக்க வேண்டும் என்று எண்ணுவோர், வெளியூரில் பிள்ளைகளிடம் தமிழ் பேசத் தயங்குவோரும் இவருள் அடங்குவர், அவருடைய படத்தை ஒரு முறை பார்க்கலாம்.

1952ல் அவர் உபராஷ்டிரபதியானபோது அவர் பிறந்த ஊர் சென்னை ராஜ்யத்தில் இருந்தது. மறு ஆண்டே அது ஆந்திரத்தைச் சேர்ந்தது. 1962ல் அவர் ராஷ்டிரபதியானபோதோ மீண்டும் சென்னையில் இருந்தது! தெலுங்கர் தம்மவர் என்றனர். தமிழர் தம் மண்ணினர் என்றனர். இரு சாராரும் சொன்னது மெய்யே. அவருடைய பிறந்த நாளை 1962 முதல் நாடு ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறது. செப்டம்பர் 5 அன்று திருத்தணிப் பள்ளிகளில் தமிழிலும், எல்லைக்கு அப்பால் பிச்சாட்டூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் தெலுங்கிலும் பிள்ளைகள் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள்.