தண்ணீர் வந்தால்தான் நெருப்பு

ஜனவரி மாதத்துக் காலை. லண்டனில் ஒரு வாடகை வீடு. சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டியிலிருந்து சத்தமே இல்லை. வெந்நீர்க் குழாயைத் திறந்தால் நூல்போல் மெலிந்து ஒழுகுகிறது, அதுவும் பச்சைத்தண்ணீர். ‘பாய்லர் போய்விட்டது’ என்று வீட்டுக்காரருக்குப் போன் பறக்கிறது. ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹாரோவிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிப்போன காலை இது. வந்து சேரும் ஃபிட்டர் எடுத்தவுடன் பெட்டியைப் பிரிப்பதில்லை. குழாயடியில் ஒரு பாத்திரத்தை வைத்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் விழுகிறது என்று பார்க்கிறார்.

நெருப்பு பற்றவில்லை என்றால் தண்ணீரை ஏன் அளக்க வேண்டும்? இதற்குப் பதில் தேடினால் ஒன்றரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டியிருக்கும்.

1868-இல் பெஞ்சமின் வாடி மௌகன் என்பவர் லண்டனில் ஒரு வெந்நீர்க் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பொறியாளர் அல்ல, வண்ணம் பூசும் தொழில் செய்தவர். ஐஸ்லாந்தில் பூமியிலிருந்து பீறிடும் வெந்நீர் ஊற்றின் பெயரையே தன் கருவிக்குச் சூட்டினார். இன்று நம் ஊரில் மின்சாரத் தொட்டியைக்கூட ‘கீஸர்’ என்கிறோமே, அந்தப் பெயர் வந்த வழி இதுதான். குளியலறையில் நின்ற அந்தக் கருவிக்குள் கீழே எரிவாயு எரியும், அந்தப் புகையினூடே மேலிருந்து தண்ணீர் இறங்கும். எரிந்த புகை வெளியே போகக் குழாய் கிடையாது, அது அறைக்குள்ளேயே தங்கும். தண்ணீரும் எரிவாயுவும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே திறந்து மூடின. தண்ணீர் திறக்க மறந்த ஒருவர் நெருப்பை மட்டும் பற்றவைத்தால் வெற்றுக் கலம் காயும். சிறிய அறை, மூடிய கதவு, நச்சுப் புகை: வசதிக்காக வந்த கருவி ஆளைக் கொல்லக்கூடியதாகவும் இருந்தது.

தண்ணீரையும் புகையையும் பிரிக்கும் வேலையை ஜெர்மானியர்கள் கையிலெடுத்தார்கள். ரெம்ஷைட் நகரில் யோஹான் வைலண்ட் 1894-இல் மூடிய அமைப்புள்ள வெந்நீர் அடுப்பைக் கொண்டுவந்தார். மறு ஆண்டே டெசாவில் ஹூகோ யுங்கர்ஸ் வெந்நீர்க் கருவித் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1915-இல் முழுக்க உலோகத்தாலான முதல் விமானத்தைப் பறக்கவிட்டவரும் இதே யுங்கர்ஸ்தான். அந்தக் கருவிகளின் வழிவந்த ‘ஆஸ்காட்’ வெந்நீர்க் கருவி 1930-களில் லண்டன் நீஸ்டனில் உற்பத்தியானது. சமையலறைத் தொட்டிக்கு மேலே தொங்கும் எந்த வெந்நீர்ப் பெட்டிக்கும் ஆஸ்காட் என்றே பேர் வைத்து அழைக்கும் அளவுக்கு அது பரவியது. 1951 கணக்கெடுப்பின்போதுகூட பிரிட்டனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட வீடுகளில் நிலையான குளியல்தொட்டி இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சிறு பெட்டி எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும்.

இந்தத் தலைமுறைக் கருவிகளின் உயிர்நாடி ஒரு ரப்பர் சவ்வு. பித்தளை மூடிக்குள் இறுக்கி வைத்த வட்டம், டயஃப்ரம் என்பார்கள். குறுகிய கழுத்து ஒன்றின் வழியாகத் தண்ணீர் விரைந்து ஓடும்போது சவ்வின் ஒரு பக்கம் அழுத்தம் குறையும், மறுபக்கம் தள்ளும். சவ்வு உப்பி எழுந்து ஒரு ஊசியை நகர்த்த, எரிவாயு வால்வு திறக்கும். தண்ணீர் நின்றால் சவ்வு படிந்துவிடும், நெருப்பு அணையும். ஓட்டம் மெலிந்தாலோ, ரப்பரில் குண்டூசி முனை அளவு துளை விழுந்தாலோ இரு பக்க அழுத்தமும் சமமாகிவிடும், அடுப்பு எரியாது. பழைய ஃபிட்டர்கள் அந்தச் சவ்வைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரலால் இழுத்துப் பார்ப்பார்கள். இன்றைய பாய்லரில் சவ்வின் இடத்தில் காந்தம் பொருத்திய குட்டிச் சக்கரம் சுழல்கிறது. தண்ணீர் ஓடாவிட்டால் நெருப்பு இல்லை என்ற விதி மட்டும் மாறவில்லை.

ஓட்டத்தைக் கெடுப்பதில் லண்டனுக்குத் தனி இடம் உண்டு. சுண்ணப் பாறையில் ஊறி வரும் கடின நீர் அது. அங்கே கெட்டிலைத் திறந்து பார்த்தாலே அடியில் வெள்ளைப் பொருக்கு தெரியும். சூடானால்தான் அந்தச் சுண்ணாம்பு பிரிந்து படியும் என்பதால், பச்சைத்தண்ணீர்க் குழாய் பாய்ந்து கொட்டும்போது வெந்நீர்க் குழாய் மட்டும் மெலிந்து ஒழுகும். அனுபவமுள்ள ஃபிட்டர் இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்தே நோயைக் கண்டுகொள்வார். படிவைக் கரைக்க அமிலக் கரைசலைச் சுற்றவிடும்போது ‘ஸ்ஸ்’ என்று நுரை பொங்கும். 1859 முதல் லாக் கேட்ரின் ஏரியின் மென்னீரைக் குடிக்கும் கிளாஸ்கோவில் இந்த வேலை அபூர்வம். ஒரே நாட்டில், ஒரே தொழிலில், ஊர்த் தண்ணீர் கைப்பழக்கத்தை மாற்றிவிடுகிறது.

கருவி இவ்வளவு கவனமாக வளர்ந்தபோதும், அதைத் தொடும் கைகளை நாடு நெடுங்காலம் கேள்வி கேட்கவில்லை. 1967-லிருந்து பத்தாண்டுகளில், வடகடல் எரிவாயுவுக்காக, ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் தெருத் தெருவாகப் போய் அடுப்புகளையும் கீஸர்களையும் திருத்தினார்கள். அந்தப் பணி தொடங்கிய வேளையில்தான் ரோனன் பாயின்ட் இடிந்தது. 1968 மே 16, விடியற்காலை. கிழக்கு லண்டனின் நியூஹாமில், ஆட்கள் குடிபுகுந்து இரண்டே மாதமான 22 மாடிக் கட்டடம். 18-ஆவது மாடியில் ஒரு பெண்மணி தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த வாயு வெடித்து, கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அடுப்புக் குழாயை இணைத்த பித்தளை நட்டு தரமற்றது என்று விசாரணை கண்டது. இன்று தமிழ்க் கடைகள் நிறைந்த ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டும் அதே நியூஹாமில்தான் இருக்கிறது.

அந்த விபத்துக்குப் பிறகு, எரிவாயு ஃபிட்டர்களைப் பதிவு செய்யும் ‘கார்கி’ அமைப்பு 1970-இல் பிறந்தது. ஆனால் விரும்பியவர்தான் பதிந்தார். பதிவு கட்டாயமாக 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இருபத்தொரு ஆண்டு என்பது மிக நீண்ட தாமதம். 2009 ஏப்ரல் 1 முதல் அந்தப் பொறுப்பு ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டிடம் இருக்கிறது. வாடகை வீடென்றால் ஆண்டுக்கு ஒருமுறை பதிவு பெற்றவரைக் கொண்டு சோதித்து, அதற்கான தாளைக் குடியிருப்பவரிடம் வீட்டுக்காரர் கொடுத்தாக வேண்டும்.

வாசலில் நிற்கும் ஃபிட்டரிடம் அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்கத் தமிழ் வீடுகளில் பலருக்குக் கூச்சம். கேட்டால் அவர் எடுத்துக் கொடுப்பார். முன்பக்கம் படமும் எண்ணும் இருக்கும். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பாய்லர், அடுப்பு என்று எந்தெந்த வேலைக்கு அவர் தகுதி பெற்றிருக்கிறார் என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.