அநாதைக் குழந்தைகளும் மருத்துவப் பணியும்

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இலண்டன் மாநகரத் தெருவோரங்களிற் கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தைகள் கிடந்து மாள்வது நாளாந்தக் காட்சியாயிருந்தது. கடற்றொழிலினின்றும் ஓய்வுபெற்ற தோமஸ் கோரம் என்பார் அதனைக் கண்டு உளம் நொந்தார். பதினேழாண்டுகள் செல்வரையும் பிரபுக்களையும் அணுகி ஆதரவு வேண்டினார். ஈற்றில், 1739ஆம் ஆண்டிலே இரண்டாம் ஜோர்ஜ் மன்னரின் சாசனம் கிடைத்தது. 1741 மார்ச்சு 25ஆம் நாள், ஹற்றன் கார்டனிலிருந்த மனையொன்றில் முதல் முப்பது குழந்தைகள் ஏற்கப்பட்டனர்.

இவ்வில்லம் உணவும் உறையுளும் அளித்ததோடமையாது, மருத்துவப் பணியையும் மேற்கொண்டது. குழந்தைகள் நாட்டுப்புறச் செவிலித்தாயரிடம் ஒப்படைக்கப்பட்டுச் சில ஆண்டுகளின் பின்னரே நகருக்கு மீண்டனர். யென்னரின் பசு அம்மைப்பால் தோன்றுவதற்கு முன்னரே, பெரியம்மையைத் தடுக்க அம்மை குத்தும் முறை இங்குக் கையாளப்பட்டது. வில்லியம் கடோகன் எனும் வைத்தியர், குழந்தை வளர்ப்புப் பற்றி இவ்வில்லத்தின் ஆளுநர் ஒருவருக்கு எழுதிய கட்டுரை 1748இல் வெளிவந்தது. குழவியைத் துணியால் இறுகச் சுற்றலாகாது, தாய்ப்பாலே தலைசிறந்த உணவு, அளவறிந்து ஊட்டல் வேண்டும் என்பன அதன் கருத்துக்களாம்.

எனினும் இடமோ சிறிது, வந்தோரோ பலர். ஆதலின் 1742இல் திருவுளச்சீட்டை ஒத்த முறையொன்று புகுத்தப்பட்டது. பையினுட் கையிட்டு வெள்ளை உருண்டை எடுத்த தாயின் குழந்தை, நோயின்றி இருப்பின், ஏற்கப்பட்டது. கறுப்பு உருண்டை எடுத்தவள் குழந்தையுடன் திரும்பினாள். இக்காட்சி கண்டோர் உள்ளத்தை உருக்கிற்று.

1756இல் பாராளுமன்றம் பொருளுதவி அளித்து, கொணரப்படும் குழந்தைகள் யாவரையும் ஏற்குமாறு பணித்தது. அவ்வாண்டு யூன் 2ஆம் நாளாகிய முதல் நாளிலேயே 117 குழந்தைகள் வந்தனர். 1760 மார்ச்சு மாதத்தில் இவ்வேற்பாடு நிறுத்தப்படும்வரை ஏறத்தாழ 15,000 குழந்தைகள் சேர்ந்தனர். அவர்களுள் உயிர் பிழைத்துத் தொழில் பழகும் பருவம் எய்தியோர் ஏறத்தாழ 4,400 பேரேயாவர். தூரத்து ஊர்களிலிருந்து கூலிக்குச் சுமந்து வரப்பட்ட சிசுக்கள் பல வழியிலேயே மாண்டன. பல குற்றுயிராய் வந்து சேர்ந்தன. பாலூட்டப் போதிய செவிலியர் இலர். வாயில் விரிந்த அளவிற்குப் பேணும் கைகள் பெருகவில்லை.

பிழை இரக்கத்தின் மிகுதியன்று. அதனைத் தாங்கும் ஒழுங்கின் குறையே. இவ்வில்லத்தின் ஆளுநருள் ஒருவரான யோனாஸ் ஹன்வே இதனை நன்குணர்ந்தவர். இலண்டன் கோயிற்பற்றுக்களின் பொறுப்பிலிருந்த வறிய குழந்தைகளை நகருக்கு வெளியே செவிலியரிடம் அனுப்புதல் வேண்டுமென்னும் சட்டம், அவர்தம் முயற்சியால் 1767இல் நிறைவேறிற்று. கோரத்தின் இல்லம் கண்ட முறை இவ்வாறு நாட்டின் சட்டமாயிற்று.

வறிய அநாதைக்கு முதல் மருந்து பால். முதல் வைத்தியர் செவிலித்தாய். பொருளும் கட்டடமும் அவ்விருவரையும் தேடித்தரும் அளவிற்கே பயனுடையன. பிள்ளைகளைக் காக்க முன்வருவோர், எத்தனை பேரை ஏற்றோம் என்பதனோடு, எத்தனை பேர் வளர்ந்து வெளியேறினர் என்பதனையும் கணக்கிடல் வேண்டும். அறத்தின் அளவுகோல் அதுவேயாம்.