வண்டி செல்லும் வழி



நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் ஒரு நாள் வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன். கிடங்கிலிருந்து புறப்படும் லாரி ஒன்று நகரிலுள்ள 10 கடைகளுக்கும் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். மிகக் குறுகிய வழி யாது என்பது வினா. ஒரு மாணவன் வழியொன்றை வரைந்து, அதன் கீழ், "இது நல்ல வழி, இதைவிடக் குறுகியதும் இருக்கக்கூடும்" என்று எழுதியிருந்தான். உறுதியற்ற விடை என்று கருதிச் சுழியம் இட்டேன்.

பிற்காலத்தில் இக்கணக்கின் வரலாற்றைப் படித்தபோதுதான் என் பிழை எனக்குப் புலனாயிற்று. 10 கடைகளுக்கும் சென்று வரும் வரிசைகள் மொத்தம் 36,28,800. நொடிக்கு ஒரு வரிசையாக இரவு பகலாகச் சோதித்தாலும் 42 நாள்கள் ஆகும். கடைகள் 15 ஆயின், 41,000 ஆண்டுகளும் போதா!

1959ஆம் ஆண்டில் டான்ட்சிக், ராம்சர் என்னும் அறிஞர் இருவர் இவ்வினாவை ஆராய்ந்தனர். பெட்ரோல் கிடங்கிலிருந்து பல விற்பனை நிலையங்களுக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் லாரிகளுக்கு வழி வகுப்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். மிகச் சிறந்த விடைக்கு அண்மையான விடையையே தங்கள் முறை தரும் என்று அவர்கள் ஒளிக்காமல் கூறினர்.

1964ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலிருந்து கிளார்க், ரைட் என்போர் எளிய முறையொன்றை வெளியிட்டனர். கிடங்கிலிருந்து ஒரு கடை 8 கிலோமீட்டர், மற்றொரு கடை 7 கிலோமீட்டர், இரு கடைகளுக்கும் இடையே 3 கிலோமீட்டர் என்று கொள்வோம். தனித்தனியே போய் வந்தால் 30 கிலோமீட்டர். ஒரே பயணமாக இணைத்தால் 18. மிச்சம் 12. இவ்வாறு ஒவ்வோர் இணைக்கும் மிச்சத்தைக் கணக்கிட்டு, மிச்சம் மிகுந்த இணையை முதலிற் சேர்த்து, பின் அடுத்ததைச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். வண்டி தாங்கும் சுமைக்கு மேற்பட்டால் அவ்விணைப்பை விட்டுவிட வேண்டும். அவ்வளவே! காகிதமும் பென்சிலும் கொண்டே இதனைச் செய்துவிடலாம். இம்முறையும் மிகச் சிறந்த வழியைத் தருவதாக உறுதி கூறுவதில்லை. எனினும் லாரி விடியற்காலையிற் புறப்பட்டாக வேண்டும். 42 நாள்கள் அது காத்திராது. நல்ல வழி உரிய நேரத்திற் கிடைத்தால் எரிபொருள் மிஞ்சும். ஓட்டுநரும் பொழுதோடு வீடு திரும்புவார்.

அம்மாணவன் எழுதிய ஒரு வரியும் இவ்வறிஞர்கள் கூறியதும் ஒன்றே. என் விடைதான் மிகக் குறுகியது என்பதற்கு அன்று என்னிடமும் சான்று இல்லை. அதனை ஒப்புக்கொள்ளும் நேர்மை அவனிடம் இருந்தது. சிவப்பு மை மட்டுமே என்னிடம் இருந்தது. அறிந்ததன் எல்லையையும் சேர்த்துக் கூறுவதே முழுமையான விடை. இதனைச் சுழியம் பெற்ற மாணவனிடமிருந்து நான் கற்றேன்.