அலியா, மார்சியானோவா?

நெய்தல் கரையின் கதை – 31

மரக்காணம் உப்பளங்களில் வாரிக் குவித்த உப்பு பக்கிங்ஹாம் கால்வாயில் படகேறிச் சென்னைக்குப் போன கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 1877-78இல், பஞ்ச நிவாரண வேலையாக, அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நடுவே வெட்டிய துண்டுதான் தெற்குக் கால்வாயை வடக்குக் கால்வாயோடு சேர்த்தது. அந்த நீர்வழியிலேயே மேலும் வடக்கே போனால் பேசின் பிரிட்ஜ் வரும். வியாசர்பாடி, ராயபுரம், காசிமேடு எல்லாம் அதையொட்டிய ஊர்கள். இந்த வாரம் அங்கே இறங்குவோம்.

துறைமுகத்திலும் மீன்பிடியிலும் பாடுபட்ட அந்த மக்கள், வெள்ளைக்காரன் கொண்டுவந்த பாக்ஸிங்கைத் தங்கள் சொத்தாக்கிக்கொண்டார்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று பிரிந்து நின்று மோதினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாத்தியார், தனி ஆட்டமுறை, உயிரைக் கொடுக்கும் ரசிகர் கூட்டம். 'ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று சுவரொட்டி ஒட்டினால் போதும், ஊர் திரளும். சார்பட்டாவின் கித்தேரி முத்து, டெர்ரி என்ற வீரரைச் சாய்த்த பேச்சு இன்றும் அங்கே ஓய்ந்தபாடில்லை. "முத்து இப்போ இருந்தா இந்தப் பசங்க ஒரு ரவுண்டு தாங்குவாங்களா?" என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தால், இளைஞர் ஒருவர் மைக் டைசனை இழுத்துவராமல் விடமாட்டார்.

இந்த வாதத்துக்கு முடிவு கட்டிவிடலாம் என்று அமெரிக்காவில் ஒருவர் உண்மையாகவே கிளம்பினார். மயாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மரே வோரோனர் அவர். 1967இல் எல்லாக் காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களின் விவரங்களையும் ஒரு கணினிக்குக் கொடுத்து, அது சொன்ன முடிவுகளை நேரடி வர்ணனைபோல வானொலியில் ஒலிபரப்பினார். இறுதிப் போட்டியில் ஜாக் டெம்ப்சியை ராக்கி மார்சியானோ வென்றார். முகமது அலியோ, அதற்கு முன்பே ஜேம்ஸ் ஜெஃப்ரிஸிடம் 'தோற்றிருந்தார்'.

அலி சும்மா இருப்பாரா? பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டம் பறிபோய், மேடையேற வழியில்லாமல் இருந்த காலம் அது. கடைசியில் 10,000 டாலரும், மார்சியானோவோடு சண்டைபோடுவதுபோல ஒரு படத்தில் நடிக்கும் வாய்ப்புமாக வழக்கு சமரசத்தில் முடிந்தது. 1969இல் படப்பிடிப்பு. மார்சியானோ ஓய்வுபெற்று 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. உடம்பைக் குறைத்து, தலையில் பொய்முடி வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிட ரவுண்டுகளாக இருவரும் குத்திக்கொண்டார்கள். பலவிதமான முடிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, கணினியின் தீர்ப்பு இது என்று ஒன்றை ஒட்டினார்கள்.

அந்தத் தீர்ப்பை மார்சியானோ பார்க்கவில்லை. 1969 ஆகஸ்ட் 31 அன்று, 46ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரி 20 அன்று திரையரங்குகளில் ஓடிய படத்தில் 13ஆவது ரவுண்டில் அலியை நாக்-அவுட் செய்திருந்தார். ஐரோப்பாவுக்குப் போன பிரதியில் வென்றவர் அலி! கணினி ஒன்றுதான், பார்க்க வந்த கூட்டம்தான் வேறு.

உப்பளத்தில் இரண்டு வருஷ விளைச்சலை ஒப்பிடுகிறவர், எந்த வருஷம் மழை எப்போது பிடித்தது என்று முதலில் கேட்பார். குத்துச்சண்டைக்கு அந்த மழை, விதிகள். 1889இல் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் கையுறை இல்லாமல் 75 ரவுண்டு மோதினார்கள். 1915இல் ஹவானாவில் ஜெஸ் வில்லார்டு, ஜாக் ஜான்சனை வீழ்த்திய சண்டை 45 ரவுண்டுக்கு ஏற்பாடானது, 26ஆவதில் முடிந்தது. அலி காலத்தில் பட்டப் போட்டிக்கு 15 ரவுண்டு. தென்கொரிய வீரர் கிம் டுக் கூ 1982இல் மேடைக் காயத்தால் இறந்த பிறகு அது 12 ஆனது. சல்லிவனை 12 ரவுண்டில் நிறுத்துவதும், இன்றைய வீரரை 75 ரவுண்டு நிற்கவைப்பதும் இருவருக்குமே அநியாயம்.

எடையும் அப்படித்தான். மார்சியானோ சாம்பியனாக இருந்தபோது சுமார் 85 கிலோ. இன்று 90.7 கிலோவைத் தாண்டினால்தான் ஹெவிவெயிட்; அவரை ஒரு படி கீழே குரூஸர்வெயிட்டில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் பருமன் மட்டும் போதாது. 2024 மே 18 அன்று ரியாத்தில் டைசன் ஃப்யூரியைவிடப் பல கிலோ எடை குறைந்த ஒலெக்ஸாண்டர் உசிக் அவரை வென்றார்.

அப்படியானால் இரண்டு காலங்கள் நிஜ மேடையில் சந்தித்ததே இல்லையா? சந்தித்திருக்கின்றன, பெரும்பாலும் தவறான நாளில். தோல்வியே காணாமல் 1905இல் ஓய்வுபெற்ற ஜெஃப்ரிஸை ஐந்து ஆண்டு கழித்து இழுத்துவந்து ஜான்சன் முன் நிறுத்தினார்கள். 1910 ஜூலை 4, ரீனோ: 15ஆவது ரவுண்டில் கதை முடிந்தது. பட்டத்தை 25 முறை காத்த ஜோ லூயி, 1951இல் 37 வயதில் மார்சியானோவிடம் 8ஆவது ரவுண்டில் விழுந்தார். அந்த இரவுகளில் தோற்றது வயது. ஒரு காலத்தைவிட இன்னொரு காலம் உயர்ந்தது என்பதற்கு அவை சாட்சி ஆகா.

அந்தத் தவறான நாளுக்குக் கொஞ்சம் முன்பு அலி நம் ஊருக்கு வந்தார். 1980 ஜனவரி, வயது 38. சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி, முதல்வர் எம்.ஜி.ஆர். முன்னிலையில். எல்லிஸும் அலியும் லூயிவில் நகரத்துக்காரர்கள். அலியின் பட்டம் பறிபோனபோது, உலகக் குத்துச்சண்டைச் சங்கம் நடத்திய தேர்வுப் போட்டியில் வென்று சாம்பியன் ஆனவர் எல்லிஸ். 1971இல் அவரை அலி 12ஆவது ரவுண்டில் தோற்கடித்தும் இருந்தார். அதே ஜனவரியில் டெல்லியில் பஞ்சாபைச் சேர்ந்த ராணுவ வீரர் கௌர் சிங், அலியோடு நான்கு ரவுண்டு நின்றார். 1982 ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர் அவர். அந்த 1980 அக்டோபரிலேயே, முன்பு தனக்குப் பயிற்சிக் கூட்டாளியாக இருந்த லாரி ஹோம்ஸிடம் அலி அடிவாங்கி அமர்ந்தார்.

இந்தப் போக்கை மீறிய இரவுகளும் உண்டு; ஒப்பிடுவதற்கு உதவுபவை அவைதான். இளையவர் உச்சத்தில் இருக்கும்போது, தன் காலம் முடிந்ததாக ஊரே சொல்லும்போது, மூத்தவர் இறங்கி வெல்வது. ஜார்ஜ் ஃபோர்மன் 1994இல், 45 வயதில், 26 வயது மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்திப் பட்டத்தை எடுத்தார். இருபது ஆண்டுக்கு முன் அதே ஃபோர்மன், 25 வயதில், 40 சண்டை ஆடி 40லும் வென்று, அதில் 37 நாக்-அவுட்டோடு கின்ஷாசாவில் நின்றார். எதிரே ஏழு வயது மூத்த அலி. எட்டாவது ரவுண்டில் ஃபோர்மன் தரையில்.

மார்சியானோவின் 49 சண்டை, 49 வெற்றி என்ற கணக்கை யாராலும் குறைசொல்ல முடியாது. ஆனால் அவர் பட்டத்துக்காக வென்ற ஜோ வால்காட்டும், கடைசியாகச் சந்தித்த ஆர்ச்சி மூரும் அவரைவிட மூத்தவர்கள். அடுத்த தலைமுறை மேடைக்கு வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. 1956இல் ஓய்வை அறிவித்தார், வயது 32. கின்ஷாசாவில் ஃபோர்மன் முன் இறங்கிய இரவில் அலிக்கும் வயது 32.

(தொடரும்)