எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தாரா?

போர்க்கதைகளில் மறைந்திருந்து சுடுகிறவனின் கதைக்கு எப்போதும் தனி மவுசு உண்டு. ஆயிரம் பேர் சேர்ந்து போட்ட சண்டை யாருக்கும் நினைவிருக்காது. ஒரு ஆள், ஒரு துப்பாக்கி, ஒரு குண்டு என்று சொல்லிப் பாருங்கள்... மூன்று தலைமுறைக்கு நிற்கும்.

2001-ல் வந்த 'எனிமி அட் த கேட்ஸ்' படம் பலரும் பார்த்திருப்பீர்கள். ஸ்டாலின்கிராட் இடிபாடுகளுக்குள் ரஷ்ய ஸ்னைப்பர் வாசிலி ஜெய்ட்சேவ். அவரைத் தீர்த்துக்கட்டவென்றே ஜெர்மனியிலிருந்து வரவழைக்கப்பட்ட மேஜர் கோனிக். இருவருக்கும் நடக்கும் கண்ணாமூச்சிதான் கதை. இதில் ஜெய்ட்சேவ் நிஜ மனிதர். 1942 நவம்பர் 10 முதல் டிசம்பர் 17 வரை 225 பேரைச் சுட்டதாக அவர் பெயரில் சோவியத் கணக்கு இருக்கிறது. 1943 பிப்ரவரியில் 'சோவியத் யூனியனின் வீரர்' பட்டமும் கிடைத்தது. அந்த மேஜரின் துப்பாக்கியில் இருந்தது என்று சொல்லி ஒரு தொலைநோக்கியை மாஸ்கோ ராணுவ அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஜெர்மன் ராணுவத்தின் காகிதங்களில் அப்படி ஒரு மேஜர் கோனிக் அகப்படவே இல்லை. வரலாற்றாசிரியர் ஆண்டனி பீவர் இந்த மோதல் நடந்திருக்கும் என்பதையே நம்பவில்லை.

சரி, ஸ்னைப்பர் கதை எல்லாமே புளுகு என்று தள்ளிவிடலாமா? அதுவும் முடியாது. பின்லாந்துக்காரர் சிமோ ஹைஹா 1939-40 குளிர்காலப் போரில் சுமார் நூறு நாட்களில் ஐந்நூறு பேரைச் சுட்டார் என்பார்கள். தொலைநோக்கி கூட இல்லாத சாதாரணத் துப்பாக்கியில். கேட்டவுடன் ரீல் என்று தோன்றுவது இதுதான். ஆனால் பின்லாந்து ராணுவத்தில் போர் நடக்கும்போதே அவர் கணக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். அவரே எழுதி ஒளித்து வைத்திருந்த ஒரு குறிப்பேடு 2017-ல் வெளியே வந்தது. அதிலும் ஏறக்குறைய அதே எண்தான். நம்பும்படி இருந்த கதைக்கு ஆதாரம் இல்லை, நம்ப முடியாத கதைக்கு இருக்கிறது. கதை எப்படி ஒலிக்கிறது என்பதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. கணக்குத் தணிக்கையில் செய்வது போல ஒவ்வொரு பற்றுக்கும் வவுச்சர் எங்கே என்று கேட்க வேண்டியதுதான்.

இப்போது நம்ம ஊர்ப் பக்கம் வருவோம்.

நாகர்கோவில், அஞ்சுகிராமம், கன்னியாகுமரி வட்டாரத்தில் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்குப் போனவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும். 1914-ல் எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு போட்டது. அந்தக் கப்பலில் எஞ்சினியராக இருந்து எங்கே சுட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவர் நாஞ்சில் நாட்டு வம்சாவளி செண்பகராமன் பிள்ளை. ஊர்க்காரர் ஒருவர் வெள்ளைக்காரனின் எண்ணெய்க் கிடங்கைக் குறிபார்த்துக் கொளுத்தினார் என்றால் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது?

எம்டன் குண்டு போட்டதற்கு ஆதாரத்துக்குப் பஞ்சமே இல்லை. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே, கரையிலிருந்து சுமார் மூவாயிரம் கஜ தூரத்துக்கு வந்தது. போர்க்காலம் என்ற நினைப்பே இல்லாமல் நகரத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கேப்டன் கார்ல் வான் முல்லர் தேடுவிளக்கைப் போடச் சொன்னார். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பளிச்சென்று தெரிந்தன. ஏறக்குறைய 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு சரக்குக் கப்பல் அடிபட்டது. அரை மணி நேரத்துக்குள் எம்டன் இருட்டில் போய்விட்டது. குறைந்தது ஐந்து பேர் செத்துப்போனார்கள். அதற்கடுத்த நாட்களில் சென்னையை விட்டு ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தமிழுக்கு ஒரு புது வார்த்தையும் கிடைத்தது. பொல்லாத ஆளை 'அவன் சரியான எம்டன்' என்கிறோமே, அதுதான். 2006-ல் ஒரு படத்துக்கு 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்து, தமிழ்ப் பெயருக்கு வரிவிலக்கு என்ற சமாச்சாரத்தால் 'எம் மகன்' ஆனதும் நினைவிருக்கலாம்!

ஆக, குண்டு உண்மை. குண்டு போட்டது யார்?

முதலில் கப்பலின் பயணத்தைப் பார்ப்போம். எம்டன் 1910 ஏப்ரலில் ஜெர்மனியை விட்டுக் கிளம்பியது. பிறகு திரும்பிப் போகவே இல்லை. சீனக் கடற்கரையில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்தாவ் துறைமுகம்தான் அதன் வீடு. 1914 ஜூலை 31 இரவு அங்கிருந்து புறப்பட்டது. ஆகஸ்ட் நடுவில் பசிபிக்கில் பேகன் தீவருகே மற்ற ஜெர்மன் கப்பல்களிடமிருந்து பிரிந்து, தனியாக இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. இங்கிலீஷ்காரனின் 'யார்மவுத்' கப்பல் மாதிரி தெரிவதற்காக மூன்று புகைபோக்கிகளோடு நாலாவதாகப் பொய்யாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தது தனி சுவாரசியம்.

இனி ஆளின் பயணம். செண்பகராமன் பிள்ளை 1891-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். 1908-ல், பள்ளி மாணவனாக இருக்கும்போதே, வால்டர் ஸ்ட்ரிக்லாண்ட் என்ற இங்கிலீஷ்காரரோடு ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். இந்த ஸ்ட்ரிக்லாண்ட் பூச்சிகளை ஆராய்கிறவர், பிரிட்டிஷ் அரசைக் கண்டாலே ஆகாதவர்! பிள்ளை பிறகு ஜூரிச்சில் எஞ்சினியரிங் படித்தார். 1914-ல் அங்கேதான் சர்வதேச இந்திய ஆதரவுக் குழுவை ஆரம்பித்தார். 1914 செப்டம்பரில், அதாவது எம்டன் வங்காள விரிகுடாவில் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்த அதே மாதத்தில், பிரிட்டிஷ் எதிர்ப்புப் பிரசுரங்களை ஜெர்மனியில் வெளியிட அனுமதி கேட்டு ஜூரிச்சில் இருந்த ஜெர்மன் தூதரை அணுகினார். அக்டோபரில் பெர்லின் போனார்.

ஜூரிச்சில் இருக்கிறவர் எம்டனில் ஏற வேண்டுமானால் எங்கே ஏறியிருக்க முடியும்? கப்பல் ஐரோப்பா பக்கம் எட்டியே பார்க்கவில்லை. சூயஸ் கால்வாய் பிரிட்டிஷ்காரர்கள் கையில். சிங்தாவுக்குப் போய் ஏறி, சென்னையில் குண்டு போட்டுவிட்டு, நடுக்கடலில் இறங்கி அக்டோபரில் பெர்லின் சேர வேண்டும். விமானம் ஏறி அப்படிப் போகிற காலமா அது?

கப்பலில் இருந்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? எம்டனின் துணைக் கேப்டன் ஹெல்முத் வான் முக்கே, இளம் அதிகாரியாக இருந்த ஹோஹன்சோலர்ன் இளவரசர் ஃபிரான்ஸ் ஜோசப், இருவரும் உயிரோடு திரும்பிப் புத்தகம் எழுதினார்கள். அந்தக் கப்பலில் துணி வெளுக்கச் சீனத் தொழிலாளிகள் இருந்தது வரை பதிவாகியிருக்கிறது. இந்திய எஞ்சினியர் ஒருவர் இருந்தார் என்று ஒரு வரி கிடையாது. ஜெர்மானியர்களுக்கு இதை மறைக்க என்ன காரணம்? ஒரு இந்தியரே எங்களோடு வந்து சுட்டார் என்றால் அவர்களுக்கு அதைவிட நல்ல பிரச்சாரம் ஏது? ஊரெல்லாம் தமுக்கடித்திருப்பார்களே.

கதைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் இன்னொரு வாதம்: எண்ணெய்த் தொட்டியை அவ்வளவு துல்லியமாக அடிக்க உள்ளூர் ஆள் உதவி இல்லாமல் முடியுமா? தாராளமாக முடியும். கடற்கரையில் வரிசையாக நிற்கும் தொட்டிகள், எரிகிற ஊர் விளக்குகள், கையில் தேடுவிளக்கு. அதிலும் எல்லாக் குண்டும் தொட்டியில் விழவில்லை என்பதற்கு நீதிமன்றச் சுவரே சாட்சி. எதற்காகச் சுட்டேன் என்று முல்லரே தன் அறிக்கையில் சொல்லியிருக்கிறார்: இந்தியர்கள் மத்தியில் ஒரு சலசலப்பு, இங்கிலீஷ் வியாபாரத்துக்குத் தொல்லை, அவர்கள் கௌரவத்துக்கு அடி. இதை யோசிக்க ஒரு கடற்படைக் கேப்டனுக்கு யாரும் பக்கத்தில் நின்று காதில் ஓத வேண்டியதில்லை.

நிஜமாகக் குறிபார்த்தவர் யார் என்றால் அதற்கும் பதில் இருக்கிறது. கப்பலின் பீரங்கி அதிகாரி எர்ன்ஸ்ட் கேடே. 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல் எம்டனை அடித்து நொறுக்கியபோது செத்த 130-க்கும் மேற்பட்டவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பெயர் இங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. சுட்டது முகம் தெரியாத ஒரு ஜெர்மன்காரன் என்றால் அது வெறும் செய்தி. நம்ம ஆள் என்றால்தான் கதை. ஜெய்ட்சேவ் விஷயத்தில் எதிரிக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, மேஜர் கோனிக் வந்தார். இங்கே பீரங்கிக்குப் பின்னால் ஒரு முகம் தேவைப்பட்டது. பெர்லினில் பிரிட்டிஷாரை எதிர்த்த ஒரு எஞ்சினியர் தயாராக இருந்தார், ஒட்டவைத்துவிட்டார்கள்.

குளச்சல் போரும் இந்த மாதிரிதான். மீனவர்களைத் துடுப்போடு கரையில் நிறுத்தித் துப்பாக்கிப் படை போலக் காட்டி, பனந்தடிகளை மாட்டுவண்டியில் ஏற்றிப் பீரங்கி போலக் காட்டி டச்சுக்காரர்களை மிரட்டினார்கள் என்று சொல்வார்கள். அதை முழுக்க மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 1741 ஆகஸ்டில் டச்சுக்காரர்கள் சரணடைந்ததற்கு வேறு நேரடிக் காரணம் இருக்கிறது. திருவிதாங்கூர் படையின் குண்டு ஒன்று உள்ளே வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்து தீப்பிடித்து, வைத்திருந்த அரிசி முழுக்க எரிந்து போனது. பனந்தடியை மேடையில் பேசினால் கைதட்டல் வரும், அரிசிக்கு வராது.

பிள்ளை விஷயத்தில் கோபம் வருவது இதனால்தான். அவருக்கு இரவல் பெருமை தேவையே இல்லை. இருபத்து மூன்று வயதில் பெர்லினில் உட்கார்ந்து இந்தியப் புரட்சியாளர்களின் குழுவில் வேலை செய்தவர். 1915 டிசம்பரில் காபூலில் அமைந்த நாடு கடந்த இந்திய அரசில் வெளிநாட்டமைச்சராகப் பெயர் குறிக்கப்பட்டவர். போர் முடிந்த பிறகும் பெர்லினிலேயே இருந்து, 1934-ல் அங்கேயே இறந்தவர். இதையெல்லாம் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "எம்டன்ல இருந்தாருல்லா?" என்பதோடு முடிந்துவிடும். இல்லாத அரை மணி நேரம் இருந்த இருபது வருடத்தை விழுங்கிவிட்டது.

அவர் மனைவி லட்சுமிபாய் அஸ்தியைப் பத்திரமாக வைத்திருந்தார். தாய் மண்ணில் கரைக்க வேண்டும் என்பது பிள்ளையின் விருப்பம். முப்பத்திரண்டு வருடம் கழித்து, 1966 செப்டம்பரில், அது கொச்சிக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தது இந்தியக் கடற்படையின் 'ஐ.என்.எஸ். டெல்லி' என்ற போர்க்கப்பல்.