புழல் ஏரிக்கரையும் நம் ஹவுளின் தண்ணீரும்

நம் பள்ளிவாசலின் ஹவுளில் நாம் உளூச் செய்யும் நீர் எங்கிருந்து வருகின்றது என்று வினவுவார் அரிது. 2010இல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வடசென்னைக்குத் துணையாக அமைந்தது. எனினும் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்நகரின் தாகம் தணித்து வருவது புழலின் மண்கரையே.

1772இல் கேப்டன் பேக்கர் என்பார் இன்றைய ஏழுகிணறு பகுதியில் கிணறுகள் தோண்டி நீர் வழங்கினார். அது கோட்டையில் இருந்தோர்க்கு மட்டுமே. ஊராரோ தத்தம் கிணற்றையும் குளத்தையுமே நம்பி வாழ்ந்தனர். பொறியாளர் பிரேசர் 1866இல் வகுத்த திட்டம் 1872இல் நிறைவேறிய பின்னரே நகர மக்களுக்கென நீர் வந்தது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் ஓர் அணைக்கட்டு எழுந்தது. அங்கு திருப்பப்பட்ட நீர் சோழவரம் ஏரிக்கும், பின்னர் புழல் ஏரிக்கும் சென்று, திறந்த மண் கால்வாயில் கீழ்ப்பாக்கத்தை அடைந்தது. தாழ்வை நோக்கி ஓடும் நீரின் இயல்பே அதற்குப் போதுமானதாயிற்று. ஆனால் அது வடிகட்டாத நீர். 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்த பின்னரே அக்குறை நீங்கிற்று.

பழைய பாசன ஏரிகளின் கரைகளை உயர்த்தியும் பலப்படுத்தியுமே இவ்வளவும் நடந்தது என்பது நம்மை வியக்கச் செய்கின்றது. இன்று புழலின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, உயரமோ 21.20 அடிதான். மண்கரைக்கு ஒரு பகை உண்டு. நீர் கரையைத் தாண்டி வழிந்தால் மண் அரித்து, சிறு உடைப்பும் சில மணி நேரத்தில் பெரும் பிளவாகிவிடும். ஆகவேதான் கரை நிரம்புமுன் மதகைத் திறந்து உபரிநீரை வெளியேற்றுகின்றனர். நள்ளிரவில் திறந்துவிட்டனரே எனச் சினம் கொள்வோர் இதனை அறிதல் நலம்.

2019 ஜூனில் ஏரி வறண்டு தரை வெடித்ததையும், தண்ணீர் லாரிக்குக் குடங்களுடன் காத்திருந்ததையும் நாம் மறக்கவில்லை. மாறாக, மிகுமழை ஆண்டுகளில் நாம் நோக்க வேண்டியது உபரிநீர் செல்லும் கால்வாயையே. அது நாரவாரிக்குப்பம், வடகரை, வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் வழியாகச் சென்று எண்ணூரை அடைகின்றது. அதாவது நம் குடிநீரின் கழிவாய் நம் சகோதரர்கள் வாழும் தெருக்களை ஒட்டியே ஓடுகின்றது. அக்கால்வாயில் கட்டட இடிபாடுகளைக் கொட்டிக் குறுக்கிவிட்டு, வெள்ளம் வீட்டினுள் புகுந்ததும் ஏரியைக் குறை கூறுவது எவ்வகையில் நியாயம்? அந்நீருக்குச் செல்ல வேறு வழியில்லை. தாமரைப்பாக்கத்தில் திருப்பப்பட்ட அதே கொசஸ்தலையின் முகத்துவாரத்தையே அது எண்ணூரில் மீண்டும் அடைந்தாக வேண்டும்.